கஞ்சா டொக்டர்

லின்ஃபீல்ட், ஒக்லாந்து
4 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உங்கள் பிரஷர் எப்படி? காது மெஷினைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் காதில் போட்டிருந்தால் இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நான் "விசாரணை" என்று கத்த, நீங்கள் "என்ன, விசாவோ?" என்று கேட்க, மானிப்பாய் முழுவதும் வேலியால் எட்டிப் பார்க்கும். ஆகவே வழக்கம்போல எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து படியுங்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை, வைத்தியர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரோ ஒரு வைத்தியர் என்மேல் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். பெயரை மறைத்து அனுப்பியிருக்கிறார்கள். போதிய கவனமில்லாமல் நான் கஞ்சா மருந்து எழுதிக் கொடுக்கிறேனாம்.

பதறாதீர்கள். இங்கே அது நான்கு வருடமாகச் சட்டப்படியான மருந்து. வைத்தியர் எழுதினால் பாமசியில் போத்தலில் அடைத்த எண்ணெயாகக் கொடுப்பார்கள், இருமல் மருந்து மாதிரி. என்னிடம் வரும் ஆயிரத்துச் சொச்சம் பேரில் நாற்பத்திரண்டு பேருக்கு எழுதுகிறேன். மற்ற மருந்துகள் கைவிட்டவர்களுக்கு மட்டும்.

கடிதத்தோடு ஒரு பத்திரமும் இருந்தது. இந்த விஷயம் முடியும்வரை இந்த மருந்தை ஒருவருக்கும் எழுத மாட்டேன் என்று நானாகவே உறுதி தரவேண்டும். தந்தால் கோப்புகளைப் பார்த்துவிட்டு அமைதியாக முடிக்கலாம். தராவிட்டால் ஒரு குழுவுக்கு முன்னால் விசாரணைக்குப் போய் நிற்க வேண்டும்.

ஆல்பனியில் அலுவலகம் வைத்திருக்கும் அபர்ணாதான் என் சட்டத்தரணி. சென்னைக்காரப் பிள்ளை, கெட்டிக்காரி. "சைன் பண்ணிடுங்க டாக்டர். ஆறு மாசம்தான். சத்தமில்லாம முடிஞ்சிடும்" என்றாள்.

"ஆறு மாசமும் அந்த நாப்பத்திரண்டு பேரும் என்ன செய்யிறது?"

"வேற டாக்டர்கிட்ட போகட்டும்."

"வேற டொக்டர்மார் பயத்தில எழுதாததாலதானே பிள்ளை அவை என்னட்டை வந்தவை?"

அவள் பேனாவை என் பக்கம் தள்ளினாள். நான் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் மகன் பிரதாபன் மூன்று ஞாயிறாக வீட்டுக்கு வரவில்லை. கேட்டால் டியூட்டி என்று ஒரு சொல்லில் மெசேஜ் வருகிறது. இளம் டொக்டர் என்று வைத்தியசாலையில் அவனைப் பிழிந்து எடுக்கிறார்கள் போல. உங்களோடாவது கதைக்கிறானா?

உடம்பைக் கவனியுங்கள்.
தாரிணி


மானிப்பாய்
11 பெப்ரவரி 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிரஷர் நேற்றுவரை நன்றாக இருந்தது.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் நான். என் தங்கை வெளிநாட்டில் டொக்டர் என்று சொல்லும்போது யாரும் என்னிடம் மறுகேள்வி கேட்டதில்லை. இனிமேல் கேட்பார்கள். எண்ணெயோ இலையோ, சட்டமோ சட்டமில்லையோ, இந்த ஊரில் கஞ்சா என்றால் கஞ்சாதான். பொலிஸ் பிடிக்கிற சாமான்.

அந்தப் பிள்ளை சொன்னதைச் செய். கையெழுத்தைப் போடு. ஆறு மாதம் வேறு மருந்து எழுது. நீ எழுதாவிட்டால் அந்தச் சனம் செத்துவிடாது. பெரிய இடத்தோடு முட்டி என்ன காணப்போகிறாய்? நீ தனி ஆள். உன் மனுசனும் காலமாகிவிட்டார். உனக்காகக் கதைக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

பிரதாபனுக்கு வேலை கூட. அவனைக் கரைச்சல் படுத்தாதே. இந்த விஷயத்தை அவனிடம் கதைக்கவும் வேண்டாம். சின்னப் பிள்ளை, யோசிப்பான்.

மற்றப்படி இங்கே எல்லாரும் சுகம். கிணற்றுக்குப் புது மோட்டர் பூட்டியாயிற்று.

அக்கா


லின்ஃபீல்ட்
25 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் சின்னப் பிள்ளைக்கு முப்பத்தொரு வயது. சரி, நான் அவனிடம் ஒன்றும் கதைக்கவில்லை. பிரஷர் மாத்திரையை வேளைக்குப் போடுங்கள், என்மேல் உள்ள கோபத்தில் விட்டுவிட வேண்டாம்.

அந்தச் சனம் செத்துவிடாது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். சாக மாட்டார்கள். அதனால்தான் அவர்களைப் பற்றி ஒருவருக்கும் அக்கறையில்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நோயாளரைப் பற்றி வெளியில் கதைக்கக் கூடாது, ஆனால் பூங்கோதை எனக்கு அனுமதி தந்திருக்கிறாள். மனுரேவாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிய பெண். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். நான்கு வருடத்துக்கு முன் சாமான் ஓடும் பெல்ட்டில் வலது கை மாட்டிக்கொண்டது. எலும்பு பொருந்திவிட்டது, நரம்பு பொருந்தவில்லை. தோலில் துணி பட்டாலே நெருப்புப் பட்டதுபோல எரியும். குளிர்காலத்திலும் கையில்லாச் சட்டையோடுதான் என்னிடம் வருவாள். மோர்பின் வகையெல்லாம் கொடுத்தேன். நின்ற இடத்தில் தூங்கி விழுந்தாள். சத்தி எடுத்து எடுத்துப் பாதியானாள். அந்த மாத்திரைகளை நான் மூன்று வருடம் எழுதினேன், அக்கா. அவற்றுக்கு அடிமையாகிச் செத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அப்போது ஒருவரும் என்மேல் முறைப்பாடு கொடுக்கவில்லை.

இப்போது ஒரு வருடமாக அந்த எண்ணெய், நாக்குக்குக் கீழே, நாளுக்கு இரண்டு தரம். எரிவு முழுதாகப் போகவில்லை. ஆனால் சென்ற ஓகஸ்ட் மாதம் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து கதவடியில் நின்றாள். "பாருங்க டாக்டர்" என்றாள்.

இந்தக் கிழமை அவளிடம், மருந்து நின்றுபோகக்கூடும் என்று சொன்னேன்.

"ஏன் டாக்டர், நீங்க என்ன திருடுனீங்களா?"

"இல்லை. சரியா யோசிச்சு எழுதினனானோ எண்டு பாக்கப் போகினம்."

"அப்ப என்னைக் கூப்பிடுங்க. நான் வந்து சொல்றேன். என் பேரை எங்க வேணும்னாலும் போட்டுக்கோங்க. கோவில்ல நாலு பேர் பேசுவாங்கன்னு எங்க வீட்டுக்காரர் பயப்படுறாரு. கை எரியுறப்ப அந்த நாலு பேருமா வந்து ஊதி விட்டாங்க?"

எனக்காகக் கதைக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இவள் இருக்கிறாள்.

பத்திரத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். நாற்பத்திரண்டு கோப்பையும் தருகிறேன், இனி எழுதும் ஒவ்வொரு சீட்டின் பிரதியையும் அனுப்புகிறேன், ஆனால் ஒரு நாளும் நிறுத்த மாட்டேன் என்று எழுதினேன். விசாரணை வரைக்கும் அப்படியே செய்யச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களும் அவர்கள் வேலையைத்தான் செய்கிறார்கள். செய்யட்டும். நானும் என் வேலையைச் செய்கிறேன்.

தாரிணி


மானிப்பாய்
30 மார்ச் 2024

தங்கச்சிக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. தலைச்சுற்று. டொக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு விளக்கம் கேட்க வேண்டும். விசாரணை நடந்தால், முறைப்பாடு எழுதின ஆளும் அங்கே வந்து சொல்ல வேண்டுமா? அல்லது பெயர் மறைவாகவே இருக்குமா? உனக்கு அந்தப் பெயரைக் காட்டுவார்களா?

சும்மாதான் கேட்கிறேன்.

இன்னும் காலம் போகவில்லை. கையெழுத்துப் போடுகிறேன் என்று இப்போதும் சொல்லலாம்தானே? எனக்காகவாவது சொல்லு. நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அக்கா


லின்ஃபீல்ட்
7 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

தலைச்சுற்றுக்கு எந்த மாத்திரையை எவ்வளவு கூட்டினார் என்று எழுதுங்கள். பெட்டியைப் படம் பிடித்து அனுப்பினாலும் போதும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஓம். விசாரணை என்று வந்தால் முறைப்பாடு செய்தவரைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். பெயரும் எனக்குத் தெரியவரும். ஏன் கேட்டீர்கள்?

நான் வேறொன்று எழுத வேண்டும். இந்த ஒரு மாதமாக நாற்பத்திரண்டு கோப்பையும் ஒன்றொன்றாக வாசித்தேன். மற்றவன் எழுதிய கோப்பை வாசிக்கிற கண்ணோடு வாசித்தேன். நாற்பத்தொன்றில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன். ஒன்றில் பிழை விட்டிருக்கிறேன்.

பெயர் எழுத மாட்டேன். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, ஆல்பனியில் படிக்கிறான். கால்பந்து விளையாடி முதுகு போய், நோவில் நித்திரையில்லாமல் என்னிடம் வந்தான். அன்றைக்கு வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள். முதுகைப் பார்த்தேன், பழைய மருந்துகளைப் பார்த்தேன், கொஞ்சம் உறைப்பான, போதைச் சத்துக் கூடிய வகை எண்ணெய் எழுதினேன். பன்னிரண்டு நிமிடம். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று கேட்கவில்லை. அந்த வகையை எழுதுமுன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. மற்ற எல்லாக் கோப்பிலும் கேட்டிருக்கிறேன். அவனுடைய கோப்பில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

அவன் திரும்ப வராததைக்கூட நான் கவனிக்கவில்லை. போன் எடுத்தேன். தாய்தான் எடுத்தார். ஜனவரி மாதம் அவனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கி, அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோய், ஐந்து கிழமை வைத்தியசாலையில் வைத்திருந்தார்களாம். தகப்பனுக்கும் அதே வருத்தம் இருந்ததாம். "ஒரு கேள்வி கேட்டிருந்தீங்கன்னா நானே சொல்லியிருப்பேனே" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது தேறிவருகிறான். இருந்தாலும் அந்த ஐந்து கிழமையை நான் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அபர்ணாவிடம் சொன்னேன். "அவங்களா கண்டுபிடிக்கிறவரைக்கும் நீங்களா வாயைத் திறக்காதீங்க டாக்டர், ப்ளீஸ்" என்றாள். நான் திறக்கத்தான் போகிறேன். பிழையை ஒளித்துவிட்டு மற்ற நாற்பத்தொரு பேருக்காகக் கதைக்க என்னால் முடியாது.

தாரிணி


லின்ஃபீல்ட்
2 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

எட்டுக் கிழமையாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பக்கத்து வீட்டுக் கஜானிக்குப் போன் எடுத்துத்தான் நீங்கள் எழும்பி நடமாடுகிறீர்கள் என்று அறிந்துகொண்டேன். முற்றம் கூட்டுகிறீர்களாம், கோவிலுக்குப் போகிறீர்களாம். பேனா மட்டும்தான் பாரமாக இருக்கிறது போல.

விசாரணை ஒக்டோபரில். முறைப்பாட்டின் முழுப் பிரதியையும் அனுப்பியிருக்கிறார்கள். எழுதியவரின் பெயரையும் நோயாளியின் விபரத்தையும் இன்னும் கறுப்பு மையால் மூடித்தான் வைத்திருக்கிறார்கள். எழுதியவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எழுதியிருக்கிறார். அதில் ஒரு வசனம்: "இவ்வைத்தியர் நோயாளியின் நோவைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்பவர், அதனால் அவசரப்படக்கூடியவர்."

இது என் கோப்புகளைப் பார்த்து எழுதக்கூடிய வசனம் இல்லை. என்னோடு ஒரே மேசையில் இருந்து சோறு சாப்பிட்ட ஆள்தான் இதை எழுத முடியும்.

எனக்குச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிரஷர் எவ்வளவு என்றாவது எழுதுங்கள்.

தாரிணி


மானிப்பாய்
16 ஜூன் 2024

தாரிணி,

பிரஷர் 150க்கு 90.

எழுதினது பிரதாபன்.

இதை எழுத எனக்கு ஆறு மாதம் எடுத்திருக்கிறது. ஜனவரி மாதம் வீடியோவில் கூப்பிட்டான். நான் மெஷினைப் போட்டுக்கொண்டுதான் கேட்டேன். "அம்மா, ஒரு பெடியனைக் கொண்டு வந்தவை. தன்ர தாயையே ஆரெண்டு தெரியேல்லை அவனுக்கு. மருந்துப் போத்தலைப் பாத்தன். அதில சின்னம்மாட பேர் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அழுதான். நான் எழுதாதே என்றேன். சோறு போட்ட கை என்றேன். ஊரில் படித்த படிப்பை வைத்துக்கொண்டு அங்கே பரீட்சை எழுத உன் வீட்டில் அவன் இரண்டு வருடம் இருந்ததை ஞாபகப்படுத்தினேன். "அதுக்காக நான் பாக்காத மாதிரி இருக்கேலாது" என்று சொன்னான். போனை வைத்துவிட்டான்.

கையெழுத்துப் போடு, போடு என்று நான் உனக்கு எழுதினது உன்னைக் காப்பாற்ற இல்லை. ஊருக்குப் பயந்தும் இல்லை. நீ போட்டால் விசாரணை இல்லை, விசாரணை இல்லாவிட்டால் அவன் பெயர் வெளியில் வராது. உனக்குத் தெரியவராது. அவ்வளவுதான் என் கணக்கு.

என்ன வேண்டுமானாலும் எனக்குச் சொல்லு. அவனைச் சபிக்காதே.

புஷ்பவதி


லின்ஃபீல்ட்
18 ஜூன் 2024

அக்கா,

மாத்திரையைத் தொடர்ந்து போடுங்கள். 150 கூட.

நான் ஏன் அவனைச் சபிக்கிறேன்? அந்தப் பிள்ளையின் நிலையைக் கண்டும் பேசாமல் இருந்திருந்தால்தான் சபித்திருப்பேன். ஆனால் அவன் இருக்கிற இடத்திலிருந்து என் வீட்டுக்குக் காரில் இருபத்தைந்து நிமிடம். வாசல் கதவுத் திறப்பு அவனிடம் இருக்கிறது. வந்து, "சின்னம்மா, நீங்கள் ஒரு பெடியனைக் கெடுத்துப்போட்டியள்" என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், பிறகு அவனோடு சேர்ந்து இருந்து அந்த முறைப்பாட்டை நானே எழுதியிருப்பேன். அவன் என்னைப் பற்றி அவ்வளவும் அறியவில்லை என்பதுதான் எனக்கு நோகிறது.

உங்களோடு எனக்குக் கோபம் வேறு. அவன் பெயரை மறைக்க நீங்கள் என்னிடம் கேட்டது எதை என்று யோசித்தீர்களா? பூங்கோதை திரும்பவும் கையில்லாச் சட்டை போடவேண்டும், உங்கள் மகன் தலை குனியக்கூடாது. கணக்கு டீச்சர் போட்ட கணக்கு இது. நாற்பத்தொரு பேரை ஒருவனுக்காகக் கழித்திருக்கிறீர்கள்.

அவனுக்குச் சொல்லுங்கள்: அவன் வர வேண்டும். கறுப்பு மைக்குப் பின்னால் ஒளியாமல் தன் பெயரோடு வந்து, கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும். நானும் என் பெயரோடுதான் வருவேன்.

தாரிணி


மனுரேவா
20 ஜூலை 2024

சின்னம்மாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அம்மா உங்கள் கடிதத்தை எனக்கு அனுப்பினார். நீங்கள் சொன்னது சரி. நான் முதலில் உங்களிடம் வந்திருக்க வேண்டும். உண்மையில் வந்தேன். ஜனவரியில் ஒரு நாள் பின்னேரம் உங்கள் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு இருந்தேன். நீங்கள் சமையலறையில் நின்று யாரோ நோயாளியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். சிரித்தீர்கள். உள்ளே வந்தால் நீங்கள் சொல்வதைக் கேட்டு மனம் மாறிவிடுவேன் என்று பயந்தேன். திரும்பிப் போய் எழுதினேன். அது கோழைத்தனம். எழுதினது கோழைத்தனம் இல்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் அறிய வேண்டும். நான் எழுதியது அந்த ஒரு பெடியனைப் பற்றி மட்டும்தான். மற்றவர்களின் மருந்தை நிறுத்தச் சொல்லி நான் ஒருவரையும் கேட்கவில்லை.

பெயரை மறைக்க வேண்டாம் என்று சபைக்கு எழுதிவிட்டேன். ஒக்டோபரில் வருகிறேன்.

பிரதாபன்


லின்ஃபீல்ட்
20 ஒக்டோபர் 2024

அக்கா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். நன்றாக நித்திரை கொள்கிறேன்.

வியாழக்கிழமை விசாரணை முடிந்தது. நகரத்தில் ஒரு கட்டிடம், ஏழாம் மாடி. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: இரண்டு வைத்தியர்கள், வைத்தியர் இல்லாத ஒருவர். நடுவில் இருந்த தலைவி கண்ணாடி போட்ட வயதான அம்மா. முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

முதலில் நான் கதைத்தேன். அபர்ணா எழுதித் தந்த தாளை எடுக்கவில்லை. பதினேழாம் கோப்பைத் திறக்கச் சொன்னேன். "இந்த இடம் வெறுமையாக இருக்கிறது. நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. நேரமில்லை என்பது காரணம் இல்லை. இது என் பிழை, இதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். அபர்ணா கண்ணை மூடிக்கொண்டாள். "மற்ற நாற்பத்தொரு கோப்பையும் எந்த வைத்தியரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். அவற்றில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெற மாட்டேன். என்னைத் தண்டிக்கலாம். என் பிழைக்காக அவர்களைத் தண்டிக்க வேண்டாம்."

பிறகு பூங்கோதை. முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தாள். தமிழிலேயே கதைத்தாள், மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். தலைவி அவளிடம், இந்த மருந்து இல்லாமல் இருக்க முடியாதபடி பழகிவிட்டீர்களா என்று கேட்டார்.

"ஆமா, இது இல்லாம எனக்கு முடியாதுதான்" என்றாள் பூங்கோதை. "உங்க மூக்குமேல இருக்கிற கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு என்னைப் பாருங்கம்மா. முடியுதா? அதுமாதிரிதான்."

மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்படியே சொன்னார். தலைவி கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை. குறிப்பு எழுதினார்.

கடைசியாகப் பிரதாபன். இளைத்துப்போயிருந்தான். பெயரைச் சொன்னான், என் அக்காவின் மகன் என்றும் தானாகவே சொன்னான். அந்தப் பிள்ளையை வைத்தியசாலையில் கண்டதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். பிறகு தலைவி கேட்டார்: "இந்த வைத்தியர் இம்மருந்தை எழுதுவதைத் தடை செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்களா?"

"இல்லை. கேள்வி கேட்காமல் எழுதுவதைத்தான் தடை செய்ய வேண்டும். எல்லா வைத்தியருக்கும்" என்றான்.

பின்னேரம் முடிவைச் சொன்னார்கள். பதினேழாம் கோப்பில் கவனக்குறைவு, அது என் பதிவில் ஏறும். ஒரு வருடத்துக்கு, புதிதாக இந்த மருந்து எழுதும் ஒவ்வொருவரையும் பற்றி இன்னொரு வைத்தியரோடு கலந்து பேச வேண்டும். மற்ற நாற்பத்தொன்றிலும் குறை இல்லை. எழுதும் உரிமை என்னிடமே இருக்கும்.

முடிவை வெளியிடும்போது பெயரை மறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அபர்ணா விண்ணப்பப் பத்திரத்தையே எடுத்து நீட்டினாள். "வேண்டாம். பெயரைப் போடுங்கள்" என்றேன். "என்னிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே அக்கம் பக்கம் பார்த்துக் களவாக வருவதுபோலத்தான் வருகிறார்கள். டொக்டரும் முகத்தை மூடினால், அவர்கள் செய்வது குற்றம் என்று ஆகிவிடும். பிழையையும் என் பெயரிலேயே போடுங்கள், சரியையும் போடுங்கள்."

கீழே கார் பார்க்கில் பிரதாபன் நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"சின்னம்மா, நான் இனி வீட்ட வரலாமோ?"

"திறப்பு உன்னட்டைத்தானே கிடக்கு."

"கோவம் இல்லையோ?"

"இருக்கு. இருந்தா என்ன? அடுத்த முறை என்னில பிழை கண்டா முதல்ல கதவைத் தட்டு. பிறகு சபைக்கு எழுது. ரெண்டையும் செய், ஒண்டை விடாத."

தலையாட்டினான். கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. காரில் ஏறிப் போனோம், அவரவர் காரில்.

செய்தி வெளிவந்துவிட்டது. தமிழ்ச் சனத்தின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் எனக்குக் "கஞ்சா டொக்டர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மானிப்பாய்க்கும் இதற்குள் வந்திருக்கும். உங்களுக்கு அவமானமாக இருந்தால், அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உங்கள்மேல் உள்ள கோபமும் இன்னும் முடியவில்லை. முடியாவிட்டாலும் எழுதுவேன்.

தாரிணி


மானிப்பாய்
10 நவம்பர் 2024

என் தங்கச்சிக்கு,

பிரஷர் 130க்கு 80. மெஷினைக் காதில் போட்டிருக்கிறேன். உலகம் சரியான சத்தம்.

உன் கோபத்தை நீ வைத்திரு. நியாயமான கோபம். நான் அதைக் குறைக்கச் சொல்லி எழுதவில்லை. பிரதாபன் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சாப்பிட்டதாகச் சொன்னான். கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூடவாம். அதைக்கூட உன்னிடம் சொல்லவில்லையாம். சொல்லச் சொல்லி ஏசினேன்.

செய்தி இங்கேயும் வந்துதான் விட்டது. வெள்ளிக்கிழமை கூட்டுறவுக் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கஜானியின் மாமியார். உனக்குத் தெரியும்தானே, அந்த வாய். பத்துப் பேர் கேட்கத்தக்கதாகத் திரும்பி, "என்ன டீச்சர், உங்கட தங்கச்சி அங்க கஞ்சா டொக்டராமே?" என்றாள்.

முந்தின நானென்றால் மெஷினைக் கழற்றிவிட்டுக் கேட்காத மாதிரி நின்றிருப்பேன்.

"ஓம், அவள்தான்" என்றேன். "அதில உமக்கு எங்க நோகுது?"

அவள் எனக்குக் கிட்ட வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டு, "அந்த எண்ணெய் இதுக்கும் கேக்குமோ, டீச்சர்?" என்று சேலையைச் சற்றே உயர்த்தி, வலது முழங்காலைக் காட்டினாள்.

புஷ்பவதி